வழக்குக்குப் போகாத சனம்

சிவப்பிரியா வேலை செய்த நிறுவனம் வீடு விற்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. வீடு வாங்க நினைப்பவர்களுக்கு ஊரைப் பற்றி எழுதிக் கொடுத்தது. ஓர் அஞ்சல் எண்ணைக் கொடுத்தால் போதும், அந்த வட்டாரத்தின் சாதகம் ஆறு பக்கத்தில் வந்துவிடும். வீடுகள் எந்தக் காலத்தில் கட்டப்பட்டவை, என்ன விலைக்குக் கைமாறுகின்றன, குடியிருப்பவர்களின் வயதென்ன, தொழிலென்ன, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வீடு மாறுகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். எண்களைக் கணினி கொட்டிவிடும். அவற்றை ஆட்கள் வாசிக்கக்கூடிய ஜேர்மன் வசனங்களாக்குவது அவளுடைய வேலை. ஹம்பேர்க் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும் ஒரு நாலாம் மாடியில் இருந்து ஐந்து வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு முப்பத்தொரு வயது.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் அவளுடைய பட்டியலில் இருபத்தைந்தில் தொடங்கும் ஓர் எண் வந்தது. அதைப் பார்த்ததும் சிரித்தாள். பள்ளிக் கொப்பிகளின் முன்மட்டையில் பெயருக்குக் கீழே அவள் எழுதிப் பழகிய எண் அது. ஹைடன்பெக் என்ற கிராமமும் அதைச் சுற்றிய நாலு சிற்றூர்களும் அதற்குள் அடங்கும். எஸ்-பான் ரயிலில் கடைசித் தரிப்பிடம் வரை போய், அங்கிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். வழி நெடுகிலும் மரக்கன்றுப் பண்ணைகள். அப்படி ஒரு பண்ணையில்தான் அவளுடைய தகப்பன் கனகலிங்கம் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தார். வேரோடு கிளப்பிய மரங்களுக்குச் சாக்குச் சுற்றிக் கட்டுவது அவர் வேலை. சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயலிசிஸ் என்று ஆனபோதுதான் அதை விட்டார். தாய் புஷ்பராணி பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நாலு குடித்தனம் உள்ள ஒரு செங்கல் வீட்டின் முதலாம் மாடியில் அவர்கள் இருபத்துநாலு வருடமாக வாடகைக்கு இருந்தார்கள்.

அறிக்கையின் முதல் வரைவை அவளுடைய குழுத் தலைவன் நவநீத் வாசித்துவிட்டு மேசைக்கு வந்தான். அவன் சென்னைக்காரன். டிரெஸ்டனில் படித்துவிட்டு ஹம்பேர்க்குக்கு வேலைக்கு வந்தவன்.

"பிரியா, டேட்டா எல்லாம் ஓகே. ஆனா ரொம்ப டிரையா இருக்கு. நீ அங்கதானே வளர்ந்த? கொஞ்சம் லோக்கலா எழுதேன். அங்க ஜனங்க எப்படி, அந்த மாதிரி."

அவள் சந்தோஷமாகவே எழுதினாள். இளவேனிலில் பண்ணைகள் பூக்கும் அழகை எழுதினாள். பேக்கரியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று எழுதினாள். குடியிருப்போர் பகுதிக்கு வந்தபோது தகப்பனை நினைத்துக்கொண்டாள். ஒரு குளிர்காலத்தில் ஒன்பது நாள் ஹீட்டர் வேலை செய்யவில்லை. அவர் ஒருதரம்கூட வீட்டுச் சொந்தக்காரியின் கதவைத் தட்டவில்லை. நாலு குடித்தனத்துக்கும் சேர்த்து வாசலில் பனி வாரிக் கொட்டியவரும் அவர்தான். அந்த நினைவோடு அவள் எழுதிய வசனம் இது: "நீண்டகாலமாக வாடகைக்கு இருப்போரில் கணிசமானவர்கள் புலம்பெயர் பின்னணி கொண்டவர்கள், அமைதியானவர்கள், தேவைகள் குறைந்தவர்கள், சட்ட நடவடிக்கையை அரிதாகவே நாடுபவர்கள், குடியிருப்பாளர் மாற்றத்தில் பெரிய சிக்கல் எதிர்பார்க்கத்தக்கதல்ல."

புகழ்ந்து எழுதியதாகத்தான் அவள் நினைத்தாள். கடைசித் துண்டு வழக்கமாக எல்லா அறிக்கைகளிலும் வருவது. கை தன்பாட்டில் அதைச் சேர்த்துவிட்டது. நவநீத் படித்துவிட்டு, "சூப்பர், இதுதான் வேணும்" என்றான்.

ஜூன் மாதக் கடைசியில் தாய் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"பிள்ளை, ஒரு கடிதம் வந்திருக்கு. நீ ஒருக்கா வந்து பார். அப்பா வாசிச்சிட்டு மேசையிலை வைச்சவர்தான், அதுக்குப் பிறகு வாயே திறக்கேல்லை."

வீட்டுக்காரி குளிர்காலத்திலேயே இறந்துபோயிருந்தாள். மியூனிக்கில் இருந்த அவளுடைய மகன் வீட்டை விற்றுவிட்டான். வாங்கியவர் ஹம்பேர்க்கைச் சேர்ந்த ஒருவர். மேல்வீடு தன் மகளுக்கும் கீழ்வீடு தன் மாமியாருக்கும் தேவைப்படுவதால் இரு குடித்தனங்களும் ஒன்பது மாதத்தில், அதாவது மார்ச் முடிவில், வெளியேற வேண்டும் என்று கடிதம் சொன்னது. மற்ற இரு குடித்தனங்களும் ஏற்கெனவே வேறு வீடு பார்த்துப் போய்விட்டிருந்தன. கீழ்வீட்டில் இருந்தவள் அன்னா. ஜேர்மன்காரி, எண்பத்துநாலு வயது, தனிக்கட்டை.

சிவப்பிரியா அன்றைக்கே தகப்பனிடம் சொன்னாள்: "அப்பா, இதை எதிர்க்கலாம். உங்கடை கிட்னி வருத்தம் இருக்கு, டயலிசிஸ் இடம் கிட்ட இருக்கு, இவ்வளவு வருஷம் இருந்திருக்கிறியள். ஜனவரி முடியிறதுக்குள்ளை எழுதிக் குடுத்தால் கோட்டிலை நீதவான் யோசிப்பார்."

கனகலிங்கம் தலையாட்டினார். அவருடைய தலையாட்டலுக்கு ஓம் என்று அர்த்தம் இல்லை. கேட்டுக்கொண்டேன் என்றுதான் அர்த்தம்.

"அவரின்ரை வீட்டை அவர் கேக்கிறார்," என்றார். "நாங்கள் வேறை பாப்பம். கோடு வழக்கெண்டு போய் நிக்க என்னால ஏலாது பிள்ளை."

வேறு பார்த்தார்கள். அதே அஞ்சல் எண்ணுக்குள், இல்லாவிட்டால் அதை ஒட்டிய எண்ணுக்குள். டயலிசிஸ் இடமும் தாயின் வேலையும் அதற்குள் இருந்தன. சிவப்பிரியா ஒவ்வொரு காலையும் எஸ்-பானில் நின்றபடியே விளம்பரங்களைப் பார்த்தாள். வெளிவந்த இருபது நிமிடத்தில் அவை மறைந்துவிடும். ஜூலையில் பதினொரு விண்ணப்பம் போட்டாள், ஒரு பதிலும் வரவில்லை. ஓகஸ்ட்டில் ஒரு முகவரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, கனகலிங்கம் என்ற பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னாள். அந்த வீடு நேற்றே கொடுபட்டுவிட்டது என்றார்கள். இதைக் கேட்ட அன்னா கோபத்தில் தன் தொலைபேசியை எடுத்துத் தன் பெயரில் அதே வீட்டைக் கேட்டாள். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வந்து பார்க்க டெர்மின் கிடைத்தது. புஷ்பராணி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்க் கழுவிய கோப்பைகளைத் திரும்பவும் கழுவினாள்.

அன்னா தன் பங்குக்குக் குடியிருப்போர் சங்கத்தில் சேர்ந்து, செப்டெம்பரிலேயே எதிர்ப்புக் கடிதம் அனுப்பிவிட்டாள். "நீங்களும் அனுப்புங்கள், லிங்கம்," என்று படியில் காணும்போதெல்லாம் சொன்னாள். அவர் அவளுக்கும் தலையாட்டினார்.

நவம்பரில் பக்கத்துச் சிற்றூரில் ஒரு வீடு பார்க்க இடம் கிடைத்தது. சிவப்பிரியா தகப்பனையும் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் முப்பது பேர் வரை நின்றார்கள். முகவரின் உதவியாளர் ஒரு பளபளப்பான தாளை எல்லோருக்கும் நீட்டினார். சிவப்பிரியா அதை வாசித்தாள். இளவேனிலில் பூக்கும் பண்ணைகள். பெயர் சொல்லிக் கூப்பிடும் பேக்கரி. ஒரு சொல்கூட மாறவில்லை.

கனகலிங்கம் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஆறுதலாக வாசித்தார். "வடிவாய் எழுதியிருக்கினம், என்ன?" என்றார். "எங்கடை ஊரைத் தெரிஞ்ச ஆரோதான் எழுதியிருக்கினம்."

அவள் தன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அந்த அறிக்கையை யார் யார் வாங்கினார்கள் என்ற கேள்வி அதுவரை அவளுக்கு வந்ததில்லை. வாங்குபவரின் பெயர் இல்லாமல் ஓடர் எண் மட்டும்தான் எழுதுபவர்களின் திரையில் தெரியும். அடுத்த நாள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடர் எண்ணைத் தட்டி, வாடிக்கையாளர் கோப்புக்குள் போய்ப் பார்த்தாள். மார்ச் மாதத்தில் அந்த அறிக்கையை முதலில் கேட்டவர், பெற்றோரின் வீட்டை வாங்கிய அதே மனிதர். ஓடர் படிவத்தில் வாங்குவதன் நோக்கம் என்ற கட்டத்தில் அவரே தட்டச்சு செய்திருந்தார்: "நாலு குடித்தனங்களையும் காலி செய்து, புதுப்பித்து, தனித்தனியாக விற்பனை." மகளும் இல்லை, மாமியாரும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை ஹைடன்பெக்குக்குப் போனபோது தகப்பன் டயலிசிஸ் களைப்பில் படுத்திருந்தார். தாய் அடுப்படியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். சிவப்பிரியா கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

புஷ்பராணி கத்தியைக் கீழே வைத்தாள்.

"எங்களைப் பற்றியோ எழுதினனி?"

"ஊரைப் பற்றி, அம்மா. ஆனால், ஓம், உங்களை நினைச்சுத்தான் எழுதினனான்."

"என்னெண்டு எழுதினனி?"

ஜேர்மன் வசனத்தை அவள் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. ஜேர்மனில் அது நீளமாகவும் மரியாதையாகவும் இருந்தது. தமிழில் சொல்லும்போது சுருங்கிப்போயிற்று. "சத்தம் போடாதவை. ஒண்டும் கேக்காதவை. வழக்குக்குப் போகாத சனம். வீட்டை விட்டு எழுப்புறது லேசு எண்டு."

தாய் அவளைப் பார்க்கவில்லை. வெட்டின கத்தரிக்காய் தண்ணீரில் கறுத்துக்கொண்டிருந்தது.

"பொய் எழுதேல்லைத்தானே," என்றாள் கடைசியில். கோபம் இல்லாத குரலில் அவள் அதைச் சொன்னது சிவப்பிரியாவுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "அப்பாவுக்குச் சொல்லாதை. வருத்தக்காரன்."

ஜனவரி முதல் வாரத்தில் சிவப்பிரியா தானாகவே குடியிருப்போர் சங்கத்துக்குப் போனாள். அங்கே இருந்த சட்டத்தரணி குட்டை மயிரும் பெரிய மூக்குக்கண்ணாடியும் உள்ள ஒரு பெண். டயலிசிஸ் பத்திரங்களைப் பார்த்துவிட்டு, "உங்கள் தந்தையின் நிலை பலமான காரணம்," என்றாள். "மகளுக்குத் தேவை என்பது பொய் என்று காட்ட முடிந்தால் இன்னும் பலம்."

"அதைக் காட்டும் ஒரு படிவம் இருக்கிறது. ஆனால் அது நான் வேலை செய்யும் இடத்தினுடையது."

சட்டத்தரணி பேனையை வைத்தாள். "நீதிமன்றம் அதை ஏற்குமா என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். உங்கள் வேலை போகும் என்பதை உறுதியாகச் சொல்வேன். அதை நான் கேட்கவில்லை. எதிர்ப்புக் கடிதத்தில் உங்கள் பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், அது ஜனவரி முடிவதற்குள் வீட்டுக்காரரின் கையில் இருக்க வேண்டும். அதுதான் முக்கியம்."

ஒரு வாரம் யோசித்தாள். யோசித்தாள் என்று சொல்வதும் சரியில்லை. நித்திரை வராமல் கிடந்தாள், காலையில் விளம்பரம் பார்த்தாள், மாலையில் மறுப்புக் கடிதம் வாசித்தாள். நாற்பத்திரண்டாவது மறுப்பு வந்த நாளில் அந்தப் படிவத்தை அச்செடுத்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மூன்றாம் நாள் நவநீத் அவளைச் சிறிய கூட்ட அறைக்குக் கூப்பிட்டான். கண்ணாடிக் கதவைத் தானே சாத்தினான்.

"பிரியா, சிஸ்டம்ல லாக் ஆகியிருக்கு. கிளையண்ட் ஃபார்ம் எதுக்குப் பிரிண்ட் பண்ண?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. சொன்னாள். அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கேட்டான்.

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே. நான் வேற யாருக்காவது அந்த ரிப்போர்ட்டை மாத்தியிருப்பேன்."

"எனக்கு முன்னமே தெரியாது, நவநீத்."

"தெரியுது. ஆனா இது கான்ஃபிடென்ஷியல். மேல சொல்லாம இருக்க என்னால முடியாது. என் விசாவும் இந்த வேலையிலதான் இருக்கு." கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டான். "ஸாரி. நிஜமாவே ஸாரி."

பின்னேரத்துக்குள் அவளுடைய நுழைவு அட்டை வேலை செய்யவில்லை. ஒரு கடுதாசிப் பெட்டியில் தன் கோப்பையையும் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு நேராக எஸ்-பானுக்கு நடந்தாள். கைப்பைக்குள் சட்டத்தரணி தயாரித்துக் கொடுத்த எதிர்ப்புக் கடிதம் இருந்தது. கையெழுத்து இரண்டு மட்டும்தான் பாக்கி. வேலை போனது வழியில் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. இன்றைக்கு அப்பா மாட்டேன் என்று சொன்னால் காலில் விழுந்தாவது கையெழுத்து வாங்குவது என்று முடிவெடுத்திருந்தாள்.

கனகலிங்கம் வரவேற்பறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் கடிதத்தை அவருக்கு முன்னால் விரித்து, பேனையையும் வைத்தாள். "அப்பா, இதிலை ஒரு கையெழுத்து. நீங்கள் எங்கையும் போய் நிக்கத் தேவையில்லை. சங்கத்து லோயர் மனிசி எல்லாத்தையும் பாத்துக்கொள்ளுவா."

அவர் கடிதத்தை வாசிக்கவில்லை. எழுந்து அலுமாரிக்குப் போய்ப் பத்திரக் கோப்பு ஒன்றை எடுத்துவந்தார். அதிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"அந்த மனிசன் வந்தவர் பிள்ளை. புது வீட்டுக்காரர். கேக் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து இதிலை இருந்து தேத்தண்ணி குடிச்சவர். நல்ல மரியாதை. வழக்கெண்டு போனால் உங்களுக்கும் கரைச்சல் எனக்கும் கரைச்சல், நாங்கள் கதைச்சே முடிப்பம் எண்டார். நான் சைன் வைச்சுக் குடுத்திட்டன். அம்மாவும் வைச்சவ."

அது வீட்டை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம். மார்ச் அல்ல, பெப்ரவரி முடிவிலேயே வெளியேற இருவரும் சம்மதித்திருந்தார்கள். பதிலுக்கு அவர் கொடுத்தது ஒரு நற்சான்றுக் கடிதம்: குடும்பம் நேர்மையானது, அமைதியானது, எந்த முறைப்பாடும் இல்லை.

"இதைக் காட்டினால் மற்ற இடத்திலை கெதியாய் வீடு தருவினமெண்டு சொன்னவர்," என்றார் கனகலிங்கம். அவர் முகத்தில் ஒரு வேலையைத் தானே முடித்துவிட்ட ஆறுதல் இருந்தது.

சிவப்பிரியா திகதியைப் பார்த்தாள். பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, அப்பா."

"நீ வேலையிலை நிக்கிறனி. உன்னை ஏன் கரைச்சல் படுத்துவான் எண்டு..."

அவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். புஷ்பராணி கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். "நான் வேண்டாமெண்டுதான் சொன்னனான்," என்றாள் மெல்ல. "அந்தாள் பேனையை நீட்டிக்கொண்டு இருக்குது. அப்பா என்ரை முகத்தைப் பாக்கிறார். ஆக்களுக்கு முன்னாலை நான் என்ன செய்யிறது?"

சிவப்பிரியா அங்கேயே, அந்த மேசையில் தலையை வைத்து, சத்தமாக அழுதாள். அவள் அப்படி அழுததைப் பெற்றோர் பள்ளிக்கூடக் காலத்துக்குப் பிறகு கண்டதில்லை. வேலை போனதை அப்போதுதான் சொன்னாள். ஏன் போனது என்பதையும் சொன்னாள். தகப்பன் எல்லாவற்றையும் கேட்டார். அந்த வசனத்தைச் சொன்னபோதும் கேட்டார். தேநீர்க் கோப்பையை எடுத்துக் குடிக்கப் பார்த்தார். தேநீர் சட்டையில் சிந்தியது. புஷ்பராணி துவாயோடு ஓடிவந்தாள்.

சட்டத்தரணி மறுநாள் தொலைபேசியில் கவலையோடு கேட்டுக்கொண்டாள். வீட்டுக்காரர் வியாபாரியாக வந்து வீட்டில் வைத்துக் கையெழுத்து வாங்கினார் என்று நிறுவ முடிந்தால், பதினாலு நாளுக்குள் திரும்பப் பெற்றிருக்கலாம். இப்போது நாளும் கடந்துவிட்டது. பொய் சொல்லி ஏமாற்றியதாக வழக்குப் போடலாம்தான், அது வருடக்கணக்கில் இழுக்கும். அதற்குள் வீடு போய்விடும். "உங்கள் தந்தை வழக்கில் நிற்பாரா?" என்று கேட்டாள். சிவப்பிரியா நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

பெப்ரவரி கடைசியில் அவர்கள் வெளியேறினார்கள். அன்னா இருந்துகொண்டாள். அவளுடைய எதிர்ப்புக் கடிதத்துக்கு வீட்டுக்காரர் பதில்கூட எழுதவில்லை. எண்பத்துநாலு வயதுக்காரியோடு நீதிமன்றத்துக்குப் போக அவர் விரும்பவில்லை போலும். சாமான் வண்டி வெளிக்கிடும்போது அவள் வாசலில் நின்று புஷ்பராணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கனகலிங்கம் மட்டும் காரிலிருந்து இறங்கவில்லை.

சிவப்பிரியாவின் வீடு ஹம்பேர்க்கின் பார்ம்பெக் பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்தது. ஒன்றரை அறை. லிஃப்ட் இல்லை. அறையைப் பெற்றோருக்குக் கொடுத்துவிட்டு அவள் சோஃபாவில் படுத்தாள். சாமான்களில் பாதி கொலோன் நகரில் இருந்த தாயின் தங்கையின் நிலவறைக்குப் போயிற்று. நகரத்து டயலிசிஸ் நிலையத்தில் மதிய வேளைதான் கிடைத்தது. பின்னேரம் திரும்பி வரும் கனகலிங்கம் ஒவ்வொரு மாடியிலும் படியில் குந்தி இருந்து மூச்சு வாங்கி, பிறகு ஏறுவார். புஷ்பராணி காலை நாலரைக்கு எழும்பி இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் பிடித்து வேலைக்குப் போனாள். சிவப்பிரியா வீட்டு விண்ணப்பமும் வேலை விண்ணப்பமுமாக மாறி மாறி எழுதினாள். வீட்டு விண்ணப்பத்தில் மாதச் சம்பளச் சான்று கேட்டார்கள். வேலை விண்ணப்பத்தில் முந்தைய இடத்தின் சான்று கேட்டார்கள். இரண்டும் அவளிடம் இல்லை.

மே மாதத்தில் ஒரு புதன்கிழமை பழைய அஞ்சல் எண்ணுக்குள்ளேயே ஒரு வீடு பார்க்க டெர்மின் வந்தது. தரைத்தளம், இரண்டு அறை, டயலிசிஸ் இடத்துக்கு நடந்தே போகலாம்.

"நானும் வாறன்," என்றார் கனகலிங்கம்.

"இண்டைக்கு உங்களுக்கு டயலிசிஸ், அப்பா."

"அது ரண்டு மணிக்குத்தானே. ஆக்களை நேரை பாத்தால் தருவினம்." கழுத்துப்பட்டி கட்டி, சப்பாத்து மினுக்கி, அவளுக்கு முன்னாலேயே தயாராகி நின்றார்.

வரிசை தோட்டப் படலையைத் தாண்டி வீதி வரை வந்திருந்தது. ஐவர் ஐவராக உள்ளே விட்டார்கள். ஒரு மணித்தியாலம் நின்ற பிறகு அவர்களுடைய முறை வந்தது. மற்றவர்கள் முகவரைச் சுற்றி நின்று சம்பளத்தையும் உத்தியோகத்தையும் சொல்லிக்கொண்டிருக்க, கனகலிங்கம் நேரே சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். யன்னலைத் திறந்து மூடினார். படுக்கையறைச் சுவரோரம் பாதத்துக்குப் பாதம் வைத்து நடந்து கட்டிலுக்கு இடம் அளந்தார்.

"பிள்ளை, எங்களுக்கு இவ்வளவு காணும்," என்றார். "அலுமாரியை இந்தப் பக்கம் வைக்கலாம். அம்மாக்கு வேலையும் கிட்ட."

"ஓம் அப்பா."

பிறகு அவள் தடுக்குமுன் அவர் முகவரிடம் போனார். இளம் பெண், கையில் தாள்கள் செருகிய அட்டை. கனகலிங்கம் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு தன் பண்ணை ஜேர்மனில் தெளிவாகச் சொன்னார்: "நாங்கள் இதை எடுக்கிறோம்."

அந்தப் பெண் நல்லவளாகத்தான் தெரிந்தாள். புன்னகைத்தாள். "மகிழ்ச்சி. எல்லா விவரங்களையும் இணையத்தில் பதிந்துவிடுங்கள். எண்பது பேர் வரை இருக்கிறார்கள், தெரிவானவர்களுக்கு நாங்கள் எழுதுவோம்."

"எடுக்கிறோம்," என்று அவர் இன்னொருதரம் சொன்னார். இந்தமுறை குரல் எழும்பியது. அறையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நான் இங்கே இருபத்துநாலு வருடம் இருந்தவன். எனக்கு இங்கேதான் வேண்டும்."

பெண் அந்த அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அடுத்த ஐவர் வாசலில் நின்றார்கள். சிவப்பிரியா தகப்பனின் கையைப் பிடித்தாள். டயலிசிஸ் ஊசி ஏற்றும் இடத்தில் நரம்பு அதிர்ந்துகொண்டிருந்தது. அவர் நகரவில்லை. அவள் இழுக்கவும் இல்லை. யாரோ "மன்னியுங்கள்" என்று சொல்லி அவர்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.

"டயலிசிசுக்கு நேரமாகுது, அப்பா," என்றாள்.

அவர், தான் திறந்து விட்டிருந்த குழாயை மூடிவிட்டு வரவேண்டும் என்று சமையலறைக்குத் திரும்பிப் போனார்.